பனியில் நடக்கப் போகிறீர்களா?

ஆண்டிறுதி விடுமுறைக்குக் கனடாவின் பான்ஃப் மலைப்பக்கம் போகிறீர்களா? புதுப்பனியில் ஸ்னோஷூ மாட்டி நடப்பது தனிச் சுகம். அதன் அகன்ற அடிப்பாகம் எடையைப் பரப்பிவிடுவதால் கால் அதிகம் புதையாது. ஆனால் பருவத் தொடக்கத்தில் பனி மெல்லியது. அடியில் பாறையும் வேரும் ஒளிந்திருக்கும். ஏரியும் முழுதாக உறைந்திருக்காது.

பெரிய ஆபத்து, பனிச்சரிவு. பனி கொட்டி ஓய்ந்த முதல் ஓரிரு நாள்தான் மோசம். வானம் தெளிந்து, படமெடுக்க நம்மைக் கூப்பிடும் நாளும் அதுதான்! பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் பனி சரியும். நம் பாதை சமதளமாக இருக்கலாம். தலைக்கு மேலே அப்படியொரு சரிவு இருந்தால் போதும்.

வண்டி எடுக்குமுன் வானொலியில் போக்குவரத்து நிலவரம் கேட்கிறோமே, அதுபோல, கிளம்புமுன் பார்க்ஸ் கனடாவின் பனிச்சரிவு நிலவரத்தைப் பாருங்கள். சரியில்லையா? மலைச்சரிவுக்கு எட்டாத காட்டுப்பாதையில் நடங்கள். அங்கேயும் பனி வெள்ளைதான்.