பரம்பரைப் பட்டாவா சர்வகலாசாலை?

மார்க்கு மட்டும் போதாதாம். குணமும் பார்த்தே இடம் தருவார்களாம்! அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலை சொல்கிறது. கேட்க இனிமைதான். ஆனால் யாருடைய குணம்?

2018-ல் பாஸ்டன் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் குட்டு வெளிப்பட்டது. அங்கே படித்தவர்களின் பிள்ளைகள் மனுப் போட்டால் நூற்றுக்குச் சுமார் 33 பேருக்கு இடம். மற்றவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கே! நன்கொடைச் சீமான்களின் பிள்ளைகளைக் கவனிக்கத் தனிப் பட்டியல் வேறு. பரம்பரைப் பட்டா நிலத்துக்குத்தான் உண்டு என்றிருந்தோம். படிப்புக்கும் உண்டு தோழர்களே!

இந்தச் சூது பழையது. 1922-ல் ஹார்வர்டின் தலைவர் லோவெல், பரீட்சையில் தேறி வந்த யூத மாணவர்களின் தொகைக்கு வரம்பு கட்ட முயன்றார். எதிர்ப்புக் கிளம்பியது. 1926-ல் 'குணம்' என்ற திரையைத் தொங்கவிட்டார்கள். யூதர் தொகை சரிந்தது.

2023-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், இனத்தைக் கருதிக் கறுப்பு மக்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்த சலுகையை ரத்துச் செய்தது. தகப்பன் பெயரால் வரும் சலுகையோ அசையாமல் நின்றது! 2024-ல் கலிபோர்னியா ராஜ்யம் அதற்குத் தடைச் சட்டம் போட்டது.

மார்க்குக்கு மேல் எதையும் பார்க்காதே என்று நாம் சொல்லவில்லை. பார்! பகலில் கூலி வேலை செய்து, இரவில் படித்தவனின் உழைப்பைப் பார். அது தகுதி. தகப்பனின் பணப்பை தகுதியல்ல, கொள்ளை!