எம்.எல்.ஏ.க்களுக்கு யார் மார்க் போடுவது?

ஆபீசில் வேலை பார்க்கும் குமாஸ்தாவுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மேலதிகாரி அறிக்கை எழுதுகிறார். நேரத்துக்கு வந்தானா, பைலை முடித்தானா, விதிப்படி நடந்தானா என்று பார்த்து எழுதுகிறார். தொழிற்சாலையில் வேலை செய்யும் தொழிலாளிக்கு மஸ்டர் ரோல் இருக்கிறது. அரை நாள் வராவிட்டால் அரை நாள் சம்பளம் போய்விடும்.

சட்டசபையில் உட்கார்ந்து இவர்கள் எல்லோருக்கும் சட்டம் செய்கிற எம்.எல்.ஏ.வுக்கு அப்படி ஓர் அறிக்கை உண்டா? ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் வருகிறது. அந்த நேரத்தில் ரோடு போட்டாரா, குழாய் வைத்தாரா, கல்யாணத்துக்கு வந்தாரா என்று பார்க்கிறோம். அவருடைய முதல் வேலை சட்டம் செய்வது. அந்த வேலையில் எந்த மசோதாவுக்கு அவர் கை தூக்கினார், எதை எதிர்த்தார் என்று கேட்பவர் மிகச் சிலரே.

அமெரிக்காவில் நடப்பது

அமெரிக்காவில் இந்த வேலையைச் சில அமைப்புகள் செய்து வருகின்றன. அங்கே 50 மாநிலங்கள். மாநில சட்டசபை உறுப்பினர்கள் மட்டும் 7 ஆயிரத்து 300 பேருக்கு மேல். பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், பல மாநிலங்களின் சட்டசபை உறுப்பினர்களுக்கும் அங்கே மார்க் பட்டியல் வெளிவருகிறது.

முறை எளிது. அந்த ஆண்டு ஓட்டெடுப்புக்கு வந்த முக்கியமான மசோதாக்களை எடுத்துக்கொள்கிறார்கள். "இந்தச் சட்டத்தைச் செய்ய அரசியல் சட்டம் அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறதா? குடிமகனின் உரிமையில் இது கை வைக்கிறதா?" என்று கேட்கிறார்கள். தங்கள் கணக்குப்படி சரியான பக்கம் ஓட்டுப் போட்டவருக்கு மார்க். மாறிப் போட்டவருக்கு பூஜ்யம். கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று பெயருக்கு நேரே அச்சிட்டு விடுகிறார்கள்.

இதில் குறையும் உண்டு. மார்க் போடுகிறவர் யார் என்பதுதான் அந்தக் குறை. 1947-ல் தொடங்கிய "ஜனநாயக நடவடிக்கைக்கான அமெரிக்கர்கள்" என்ற அமைப்பு ஒரு பக்கம் நின்று மார்க் போட்டது. 1964-ல் தொடங்கிய "அமெரிக்க கன்சர்வேட்டிவ் யூனியன்" எதிர்ப்பக்கம் நின்று போட்டது. ஒரு பட்டியலில் முதல் வரிசையில் நிற்பவர் மற்றதில் கடைசி வரிசைக்குப் போய்விடுவார். கேள்வித்தாளைத் தயாரிப்பவரே விடையையும் முடிவு செய்து வைத்திருந்தால் அப்படித்தான் ஆகும். சபைக்கு வராதவரையும் எதிர்த்து ஓட்டுப் போட்டவராகக் கணக்கிடும் வழக்கமும் உண்டு. அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் பூஜ்யம்தான்!

ஆனாலும் ஒரு நன்மை இருக்கிறது. மார்க் தப்பாக இருக்கலாம், ஓட்டு எப்படி விழுந்தது என்பது தப்பாக இருக்காது. பாராளுமன்றத்தில் வந்திருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கு பேர் கேட்டால், யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்பதைப் பெயருடன் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்று அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மார்க் போடுகிறவர் மீது சந்தேகம் இருந்தால், அந்தப் பதிவைப் பார்த்து வாசகர் தாமே வேறு மார்க் போட்டுக்கொள்ளலாம்.

எடிசனின் முதல் எந்திரம்

மின்விளக்கு தந்த எடிசன் சிறுவயதில் ரெயிலில் பத்திரிகை விற்றவர். பிறகு தந்தி ஆபரேட்டர். 1869-ம் ஆண்டு, 22-வது வயதில் அவர் பெற்ற முதல் காப்புரிமை எதற்குத் தெரியுமா? சட்டசபையில் ஓட்டைப் பதிவு செய்யும் எந்திரத்துக்கு! உறுப்பினர் பொத்தானை அழுத்தினால் அவர் ஓட்டு உடனே பதிவாகும். அதை வாஷிங்டனுக்குக் கொண்டு போனபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டெடுப்பு அவ்வளவு வேகமாக முடிந்தால், காலம் கடத்திப் பேரம் பேச முடியாதே என்பதுதான் காரணம். 1917-ல்தான் விஸ்கான்சின் மாநில சட்டசபையில் மின்சார ஓட்டுப் பதிவு வந்தது. நம்முடைய மக்களவைக்கு 1957-ல் வந்தது.

எந்திரம் வந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தும் பழக்கம் வரவில்லை.

நம் சபைகளில் குரல் ஓட்டு

நம்முடைய சட்டசபைகளில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் ஓட்டில்தான் நிறைவேறுகின்றன. "ஆம் என்போர்... இல்லை என்போர்..." என்று சபாநாயகர் கேட்கிறார். சத்தம் வருகிறது. "ஆம் என்போரே அதிகம்" என்கிறார். மசோதா சட்டமாகிவிடுகிறது. யார் "ஆம்" சொன்னார், யார் "இல்லை" என்றார், யார் வெளியே போயிருந்தார் என்பதற்குப் பதிவே கிடையாது. கர்நாடக சட்டசபையில் 224 தொகுதிகள். ஒரு மசோதாவில் நம் தொகுதி உறுப்பினர் என்ன செய்தார் என்று கேட்டால், அந்தச் சத்தத்தில் அவர் குரலும் இருந்திருக்கலாம் என்பதுதான் பதில்.

அரசு பிழைக்குமா விழுமா என்ற ஓட்டிலும் இது நடந்திருக்கிறது. 2014 நவம்பர் 12-ந் தேதி மராட்டிய சட்டசபையில் தேவேந்திர பட்னாவிஸ் அரசு நம்பிக்கை கோரியது. 288 தொகுதிகள் கொண்ட சபையில் அவருடைய கட்சி வென்றது 122 இடங்கள். எதிர்க்கட்சிகள் பெயர்வாரியாக எண்ணச் சொன்னார்கள். குரல் ஓட்டிலேயே வெற்றி என்று அறிவிக்கப்பட்டது.

கர்நாடகத்துக்கு இந்த விஷயத்தில் தனி வரலாறு உண்டு. 1989 ஏப்ரலில் முதல்-மந்திரி எஸ்.ஆர்.பொம்மை, சபையில் பலத்தைக் காட்ட வாய்ப்புக் கொடுக்கப்படாமலே பதவி நீக்கப்பட்டார். 1994-ல் அந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. ஓர் அரசின் பலத்தை எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் கவர்னர் மாளிகை அல்ல, சட்டசபைதான் என்றது. அரசின் தலைவிதியைச் சபையில் எண்ண வேண்டும் என்றால், குடிமகனின் தலைவிதியை எழுதும் மசோதாவையும் எண்ணத்தானே வேண்டும்?

அவசரமும் ஒரு நோய். 2023-ம் ஆண்டு மாநில சட்டசபைகள் சராசரியாக 22 நாட்கள் மட்டுமே கூடின என்றும், 100-க்கு 44 மசோதாக்கள் தாக்கலான அன்றோ மறுநாளோ நிறைவேறின என்றும் பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. காலையில் கையில் கிடைத்த மசோதாவை மாலைக்குள் படித்து முடிப்பது எந்த உறுப்பினருக்கு முடியும்?

பூனாவில் ஒருவர் கணக்கெடுத்தார்

மார்க் பட்டியலால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. பூனாவில் கோகலே ஆராய்ச்சி நிலையத்தில் டி.சி.வாத்வா என்ற பொருளாதாரப் பேராசிரியர் இருந்தார். பீகார் மாநிலத்தின் அவசர சட்டங்களை அவர் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்.

சட்டசபை கூடாத காலத்தில் மட்டும் கவர்னர் அவசர சட்டம் பிறப்பிக்கலாம். சபை மீண்டும் கூடி ஆறு வாரம் ஆனால் அது காலாவதி ஆகிவிடும். இது அரசியல் சட்டம் வகுத்த வரம்பு. ஆனால் பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசர சட்டங்களைத் திரும்பத் திரும்பப் பிறப்பித்து, ஓராண்டு முதல் 14 ஆண்டுவரை உயிரோடு வைத்திருந்தார்கள். சபைக்கு வராமலே சட்டம் ஓடியது. வாத்வா வழக்குப் போட்டார். 1986 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, இது அரசியல் சட்டத்தை மோசடி செய்வது என்று கண்டித்தது.

கட்சி பலமோ பதவியோ இல்லாத ஒருவர், அரசிதழைப் புரட்டி எண்ணிக்கை எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு ஒரு மாநில அரசைக் கூண்டில் நிறுத்தினார். அந்த 14 ஆண்டுகளில் பீகார் சட்டசபையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்போதே யாராவது மார்க் போட்டிருந்தால், அவ்வளவு காலம் அது நடந்திருக்குமா?

கொறடாவின் கை

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். "எம்.எல்.ஏ. என்ன செய்வார் பாவம்? கொறடா சொன்னபடி ஓட்டுப் போடாவிட்டால் பதவியே போய்விடுமே!"

உண்மைதான். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சி உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும், ஓட்டுப் போடாமல் இருந்தாலும் பதவி பறிபோகலாம். விலைக்கு வாங்கும் வியாபாரத்தைத் தடுக்க வந்த சட்டம் அது. அந்த நோக்கம் நல்லது. ஆனால் மனச்சாட்சியையும் அது சேர்த்துப் பூட்டிவிட்டது. 1990-ல் தினேஷ் கோஸ்வாமி கமிட்டி, நம்பிக்கை ஓட்டு போன்றவற்றுக்கு மட்டும் பதவி பறிப்பு போதும் என்றது. 1999-ல் சட்டக் கமிஷனும், அரசு கவிழும் அபாயம் உள்ளபோது மட்டும் கொறடா உத்தரவு இருக்கட்டும் என்றது. இரண்டையும் எந்த அரசும் சட்டமாக்கவில்லை.

ஆகவே நேர்மையாக மார்க் போடுகிறவர், கொறடா உத்தரவு இருந்த ஓட்டுக்குரிய மார்க்கைக் கட்சியின் பெயரில் எழுத வேண்டும். உறுப்பினர் பெயரில் எழுத வேண்டியது வேறு. விவாதத்தில் எழுந்து ஆட்சேபம் சொன்னாரா? திருத்தம் கொடுத்தாரா? பெயர்வாரி ஓட்டெடுப்புக் கேட்டாரா? இதற்கெல்லாம் எந்தக் கொறடாவும் பதவியைப் பறிக்க முடியாது.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

சொந்த ஊரை விட்டு வந்து பிழைப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்கலாம். அவனுக்குத்தான் இது முதலில் வேண்டும்.

அரியானா சட்டசபை 2020-ம் ஆண்டு ஒரு சட்டம் நிறைவேற்றியது. மாதம் 30 ஆயிரம் ரூபாய் வரை சம்பளமுள்ள தனியார் வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கே என்ற அளவில் அது 2022-ல் அமலுக்கு வந்தது. இந்தியாவில் எந்தப் பகுதியிலும் குடியிருக்கலாம், எந்தத் தொழிலும் செய்யலாம் என்பது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு. பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டு 2023 நவம்பர் 17-ந் தேதி அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அரியானா அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது.

கர்நாடகத்திலும் 2024 ஜூலையில் இதே போன்ற மசோதாவுக்கு மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதம், மற்ற வேலைகளில் 70 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்பது திட்டம். தொழில் நிறுவனங்கள் எதிர்த்ததும் சில நாட்களில் நிறுத்தி வைக்கப்பட்டது. அதை நிறுத்தியது முதலாளிகளின் குரல். சட்டசபையில் ஓட்டுக்கு வந்திருந்தால் யார் எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள்? ஶ்ரீராமபுரத்திலும் சிவாஜிநகரிலும் கோலார் தங்கவயலிலும் ஓட்டுப் போடும் தமிழனுக்கு அது தெரியாமலே போயிருக்கும்.

வேலை இல்லாத உள்ளூர் இளைஞனின் வயிற்றெரிச்சல் பொய்யல்ல. வந்த இடத்தில் கன்னடம் கற்பது நம் கடமை. அதில் தகராறு இல்லை. அந்த இளைஞனுக்குப் பயிற்சியும் வேலையும் கொடுக்க அரசுக்கு ஆயிரம் வழி உண்டு. அரசியல் சட்டம் போட்ட வேலியைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதில்லை.

அளவுகோல் ஒன்றாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 தேர்தலில் தி.மு.க. அறிக்கையிலும் இதே 75 சதவீத வாக்குறுதி இருந்தது. பெங்களூரில் கசப்பது சென்னையில் இனிக்கிறது என்றால், நாம் போடுவது மார்க் அல்ல, கட்சி கட்டுவது. அங்கே வேலை தேடிப் போகும் பீகார்க்காரனும் நம்மைப் போல் ஊரை விட்டு வந்தவன்தான்.

ஐந்து கேள்விகள்

மார்க் போட வக்கீல் படிப்பு வேண்டாம். ஒவ்வொரு மசோதாவுக்கும் ஐந்து கேள்வி போதும். ஒன்று, இது யாருடைய அடிப்படை உரிமையிலாவது கை வைக்கிறதா? இரண்டு, இதைச் செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கிறதா? மூன்று, படித்து விவாதிக்க நாள் கொடுத்தார்களா? நான்கு, சபையைக் கூட்டாமல் அவசர சட்டமாகக் கொண்டு வந்தார்களா? ஐந்து, அதிகாரி தவறு செய்தால் அப்பீல் செய்ய வழி வைத்தார்களா? கேள்விக்கு 20 மார்க். "இதனால் எனக்கு லாபமா?" என்பது இந்தக் கேள்வித்தாளில் இல்லை.

இதை எந்தத் தொழிற்சங்கமும், எந்த வாசகசாலையும் செய்யலாம். ஆனால் அதற்கு முன்பு இரண்டு காரியம் நடக்க வேண்டும். உரிமைகளைத் தொடும் மசோதா எதுவானாலும் பெயர்வாரியாக ஓட்டெடுத்து அன்றே வெளியிட வேண்டும் என்று சட்டசபை விதிகளில் சேர்க்க வேண்டும். இது சபையின் வேலை.

இரண்டாவது நம் வேலை. ஒருவர் பெயர் ஒரு தொகுதியின் பட்டியலில் மட்டுமே இருக்கலாம் என்பது சட்டம். 20 ஆண்டாக இங்கே குடியிருந்து கொண்டு, ஊரில் உள்ள ஓட்டை விட மனமில்லாமல் இருப்பவர்கள் ஏராளம். தம்மை ஆளும் சட்டம் எந்தச் சபையில் நிறைவேறுகிறதோ, அந்தச் சபைக்கு ஆள் அனுப்பும் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வேட்பாளர் வாசலுக்கு வரும்போது, "ஐயா, போன சபையில் எத்தனை முறை பெயர்வாரி ஓட்டெடுப்புக் கேட்டீர்கள்?" என்று கேட்கும் உரிமை அந்தப் பட்டியலில் உள்ளவருக்குத்தான் உண்டு.