வெளியே பூட்டிய கதவு

1/ ஜவ்வாது மலையில டாக்டரா இருக்கேன். நான் அபார்ட்மெண்ட் கதவைப் பத்தி ஏன் எழுதணும்னு தோணும். காரணம் இருக்கு, படிங்க.

2/ போன மாசம் ஜுரத்தோட ஒரு குழந்தையைத் தூக்கிட்டு வந்தார் ஒருத்தர். பெங்களூர்ல ஒரு அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேன். மாடிப்படிக்குக் கீழே, கரண்ட் மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்துல ஒரு ரூம். "ராத்திரி புள்ளைங்களைத் தூங்க வச்சு வெளியே பூட்டிட்டு ரவுண்ட்ஸ் போவோம் சார். பத்திரமா இருக்கும்"னு சொன்னார்.

3/ ஜுர மருந்து எழுதினேன். அதுக்கப்புறம் கால் மணி நேரம் பூட்டைப் பத்திதான் பேசினேன்.

4/ தீ விபத்துல பெரும்பாலானவங்க எரிஞ்சு சாகிறதில்லை. புகையிலதான் சாகிறாங்க. அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடு, ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கும். விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அப்பவும் 98 காட்டலாம். நம்பிடாதீங்க. தூங்குறவங்களுக்கு இருமல்கூட வராம மயக்கம் வந்துடும். பூட்டைத் தேடுற நேரம் அவங்களுக்குக் கிடையாது.

5/ நம்ம ஊர் மறந்துடுச்சு. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலம் பாதிக்கப்பட்ட 28 பேர் கொட்டகையில சங்கிலியோட கருகினாங்க. 2004 ஜூலை 16, கும்பகோணம். சமையல் கொட்டகையில பிடிச்ச தீ பள்ளிக்கூடத்துக்குப் பரவி 94 குழந்தைகள் போயிட்டாங்க. ரெண்டு இடத்துலயும் கேள்வி ஒண்ணுதான்: உள்ளே இருக்கிறவங்க எப்படி வெளியே வருவாங்க?

6/ 2017 ஜூன் 14, லண்டன் கிரென்ஃபெல் கோபுரம். 72 பேர். தீ வெளிச்சுவர் வழியா ஏறுச்சு, உண்மை. ஆனா ஃப்ளாட் வாசல் கதவுகள் பலதுல தானா மூடிக்கிற அமைப்பு இல்லாததும் புகை பரவக் காரணம்னு விசாரணை சொன்னது. ஓடினவங்க பின்னாடி கதவு திறந்தே கிடந்தது. இப்ப இங்கிலாந்துல 11 மீட்டருக்கு மேல உள்ள கட்டடங்கள்ல ஃப்ளாட் வாசல் கதவுகளை வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதிக்கணும்னு சட்டமே இருக்கு.

7/ இங்கேயும் விதி இல்லாம இல்லை. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தப்பிக்கும் பாதையில 120 நிமிஷம் தாங்குற தீத்தடுப்புக் கதவைக் கேக்குது. நாம அந்தக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்கிறோம். பக்கத்துலயே செருப்பு ஸ்டாண்ட், பழைய சைக்கிள்.

8/ என் கருத்து இதுதான். கதவுக்கு ரெண்டு வேலை: புகையை நிறுத்தணும், மனுஷனை விடணும். நாம கேக்குறது மூணாவது வேலையை மட்டும்: திருடனை நிறுத்து. தேக்குல கதவு, அதுக்கு முன்னாடி கிரில் கேட், அதுல உள்பக்கம் பூட்டு, சாவி பீரோவுல!

9/ திருட்டு பயம் பொய்யின்னு சொல்லலை. உள்ளிருந்து சாவி இல்லாம கையால திறக்கிற தாழ்ப்பாள் போடுங்க. சாவிதான் வேணும்னா, குழந்தைக்கும் தெரிஞ்ச இடத்துல, கதவுப் பக்கத்துலயே மாட்டுங்க. வாசல் கதவுக்கு ஒரு டோர் க்ளோசர் வைங்க.

10/ வீட்டுக்குள்ள தீயா? எல்லாரும் வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்துங்க. பூட்ட வேண்டாம். லிஃப்ட் வேண்டாம். வெளியே புகையா, கதவு சுடுதா? திறக்காதீங்க. அடி இடுக்குல ஈரத்துணி வச்சு, ஜன்னல் பக்கம் போய் 101 அல்லது 112 கூப்பிடுங்க.

11/ கடைசியா ஒண்ணு. உங்க அபார்ட்மெண்ட் மீட்டிங்ல பெயிண்ட், பார்க்கிங் எல்லாம் பேசுறீங்க. அடுத்த தடவை, மாடிப்படிக்குக் கீழே யார் தூங்குறாங்க, அவங்க கதவை யார் பூட்டுறாங்கன்னும் கேளுங்க. மலையில குடிசைக் கதவை வெறும் கயித்துல கட்டிட்டுப் போறவர், உங்க வீட்டைக் காக்க வந்த இடத்துலதான் புள்ளைங்களைப் பூட்டக் கத்துக்கிட்டார்.

12/ குழந்தைக்கு ஜுரம் விட்டுடுச்சு. திரும்ப பஸ் ஏறுறதுக்கு முன்னாடி அவர் ஓபிக்கு வந்து சொன்னார்: "உள்தாழ்ப்பாள் போட்டுடறேன் சார். பெரியவளுக்குத் திறக்கச் சொல்லித் தரேன்." அவரால ஆனது அது. மீட்டர் பெட்டி பக்கத்துல இருந்து அந்த ரூமை மாத்துறது உங்க கையில.