எரிக்கத் தீ இருக்கிறது. வாங்க ஆள் இருக்கிறதா?

அருப்புக்கோட்டை வட்டாரத்துப் பள்ளிவாசல் ஒன்றில் கஞ்சாவின் கேட்டைப் பற்றி ஜும்ஆ பயான் செய்தேன். போதை தரும் ஒவ்வொன்றும் ஹராம், அதை விளைவிக்கும் நிலத்தில் பரக்கத் இல்லை, அந்தச் செடிகளை வேரோடு பிடுங்கித் தீயிட வேண்டும் என்று முழங்கினேன். தொழுகை முடிந்ததும் திருச்சுழிப் பக்கத்து மானாவாரி விவசாயி ஒருவர் என் கையைப் பிடித்துக் கொண்டார். வயது எழுபதைத் தொடும். "எரிக்கச் சொல்றது சரிதான் அசரத்து. எரிச்ச மறுநா அவன் எதை விதைப்பான், அதை யாரு வாங்குவான்னு சொல்லலியே?" என்று கேட்டார்.

பதில் சொல்ல முடியாமல் நின்றேன். இந்தக் கட்டுரை அந்தப் பெரியவருக்கான பதில்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். ஹராமுக்கு நாம் சலுகை கேட்கவில்லை. மதுவின் விஷயத்தில் குடிப்பவனை மட்டுமல்ல, பிழிபவன், சுமப்பவன், விற்பவன், வாங்குபவன், அதன் கிரயத்தைத் தின்பவன் என்று பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. வறுமை ஹராமை ஹலாலாக்கி விடாது. ஆனால் வறுமையைக் கண்டும் காணாமல் இருப்பவனுக்கு ஹராமைப் பற்றிப் பேச என்ன தகுதி இருக்கிறது? கேள்வி இதுதான்.

எரித்தார்கள், என்ன நடந்தது?

ஒரு காலத்தில் கம்பம், வருசநாடு மலைகளின் பெயரைச் சொன்னாலே கஞ்சா நினைவுக்கு வரும். இன்று தமிழ்நாட்டில் கஞ்சாச் சாகுபடியே இல்லை என்கிறது காவல்துறை. நல்லது. ஆனால் கஞ்சா ஒழிந்ததா? ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வந்து நமது பேருந்து நிலையத்து இளைஞனின் பைக்குள் போகிறது.

அந்த மலைகளிலும் எரித்தார்கள். ஆந்திரக் காவல்துறை 2021 இறுதியில் 'பரிவர்த்தனா' என்ற பெயரில் வேட்டையாடி, 7,500 ஏக்கருக்கு மேல் கஞ்சாச் செடிகளை அழித்ததாக அறிவித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே 2 லட்சம் கிலோ கஞ்சாவை ஒரே இடத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். நாடே பார்த்தது. பயிர் எங்கே போனது? எல்லையைத் தாண்டி ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் காடுகளை நாடிப் போனது. மாற்றுப் பயிராகக் காப்பிக் கன்று கொடுத்தார்கள். நல்ல யோசனைதான், அரக்குக் காப்பி உலகச் சந்தையில் பெயர் பெற்றது. ஆனால் காப்பிச் செடி காய்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். கஞ்சா சில மாதத்தில் காசாகி விடும். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த ஆதிவாசியின் அடுப்பை யார் எரிப்பது?

ஆட்சி முஸ்லிம்களுடையது என்பதற்காக நாம் கண்ணை மூடிக் கொள்ளவும் கூடாது. ஆப்கானிஸ்தானில் தாலிபான் அரசு 2022 ஏப்ரலில் அபினிச் சாகுபடியைத் தடை செய்தது. 2022இல் 2,33,000 ஹெக்டேராக இருந்த சாகுபடி 2023இல் 10,800 ஹெக்டேராக, அதாவது 95 சதவீதம், குறைந்ததாக ஐ.நா. கணக்கிட்டது. அல்ஹம்துலில்லாஹ், இதை எந்த வல்லரசின் படையும் சாதித்ததில்லை. ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தைப் படியுங்கள். அபினி விற்று விவசாயிகள் பெற்ற வருமானம் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடி டாலராகச் சரிந்தது. கையிருப்பைப் பதுக்கி வைத்திருந்த பெரும் வியாபாரிக்கோ விலை பல மடங்கு ஏறியது! 2024 மே மாதம் படக்‌ஷான் மாகாணத்தில் பயிரை அழிக்க வந்தவர்களுக்கு எதிராக விவசாயிகள் திரண்டார்கள், உயிர்கள் போயின. தடை ஷரீஅத்தின்படி சரி. ஆனால் தடையின் பாரம் முழுவதும் ஏழையின் முதுகில் ஏறினால் அந்த நீதி பாதி நீதிதான்.

துருக்கி கற்றுக் கொண்ட பாடம்

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. அமெரிக்காவின் நெருக்குதலால் துருக்கி அரசு 1971இல் அபினிச் செடிக்குத் தடை அறிவித்தது. நட்டஈடாக அமெரிக்கா தருவதாகச் சொன்னது சுமார் 3.5 கோடி டாலர். அஃப்யோன் விவசாயிக்கு அது கட்டுப்படியாகவில்லை. 1974இல் எச்சவித் அரசு தடையை நீக்கியது. ஆனால் பழையபடி காயைக் கீறிப் பால் எடுக்க விடவில்லை. காயைக் கீறாமல் அப்படியே உலர்த்தி அரசிடம் மட்டுமே விற்க வேண்டும். அரசு ஆலை அதிலிருந்து வலி நிவாரண மருந்து எடுக்கும். விவசாயிக்கு உறுதியான கொள்முதல் கிடைத்தது. கடத்தல்காரனுக்குப் பால் கிடைக்கவில்லை.

நமது நாட்டிலும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்ற விவசாயிகள் அபினி பயிரிடுகிறார்கள். அதை மத்திய அரசு மருந்துக்காக வாங்குகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. அபினியை வாங்க ஆள் அனுப்பத் தெரிந்த அரசுக்குக் குதிரைவாலியை வாங்க ஆள் அனுப்பத் தெரியாதா?

விதையல்ல, வியாபாரி

விவசாயியைப் போதைப் பயிரில் பிணைப்பது எது? கொள்ளை லாபம் அவனுக்குப் போவதில்லை. அது இடைத்தரகனுக்கும் கடத்தல்காரனுக்கும் போகிறது. விவசாயியைப் பிணைப்பது மூன்று விஷயங்கள். விதைக்கும் முன்பே முன்பணம் வருகிறது. விளைந்ததும் வாங்குபவன் காட்டுக்கே வருகிறான். ரோடில்லாத மலையிலிருந்து சுமந்து போகும் பொறுப்பும் அவனுடையது. மஞ்சளுக்கும் மிளகுக்கும் இந்த மூன்றையும் யார் தருகிறார்கள்? சட்டம் வரும்போது அந்த வியாபாரி ஓடி விடுகிறான். கஞ்சா பயிரிட்டவனுக்கு 1985ஆம் ஆண்டு போதைப் பொருள் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் வைத்துப் பிடிபடும் கூலிக்காரப் பையனுக்குக் குறைந்தது 10 ஆண்டு. முதல் போட்டவனுக்கு மட்டும் முன்ஜாமீன்!

இதை மலைநாட்டுக் கதை என்று ஒதுக்காதீர்கள். நமது காரியாபட்டி, நரிக்குடி, திருச்சுழி மானாவாரிக் காட்டைப் பாருங்கள். இங்கே யாரும் கஞ்சா விதைக்கவில்லை. ஆனாலும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் ஆடிய நிலத்தை இன்று சீமைக் கருவேலம் மூடிக் கிடக்கிறது. மழை பொய்த்தது ஒரு காரணம், கண்மாய் மேடானது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் பேசுவதில்லை. கருவேல முள்ளை வெட்டி மூட்டம் போட்டால் கரியை வாங்க லாரி ஊருக்குள் வருகிறது. குதிரைவாலியை அறுத்து வைத்தால் உமி நீக்க ஆலை பக்கத்தில் இல்லை. கேட்ட விலைக்குத்தான் தள்ள வேண்டும். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் கருவேலத்தை அகற்றச் சொன்னபோது கரிமூட்டக் கூலிகள் கேட்டதும் அந்தப் பெரியவரின் கேள்வியைத்தான்: நாளைக்கு எதைத் தின்பது?

கரி ஹலால், கஞ்சா ஹராம். இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் நிலம் சொல்லும் பாடம் ஒன்றுதான். வாங்க ஆள் இருக்கும் பயிர் நிற்கும். ஆள் இல்லாத பயிர் சாகும். 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று இந்தியா முன்மொழிந்து ஐ.நா. அறிவித்தது. மேடைகளில் எத்தனை விழாக்கள்! மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு உண்டு. குதிரைவாலிக்கு இடமில்லை.

கோடரிக்குப் பிடி போட்ட கரம்

யாசகம் கேட்டு வந்த ஒரு அன்சாரித் தோழரின் சம்பவம் அபூதாவூத், இப்னுமாஜா நூல்களில் அறிவிக்கப்படுகிறது. வீட்டில் இருந்த விரிப்பையும் தண்ணீர்க் கோப்பையையும் கொண்டு வரச் சொல்லி, நபி (ஸல்) அவர்கள் அவற்றை இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்டார்கள். ஒன்றுக்குக் குடும்பத்துக்கு உணவும் மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். தமது கரத்தாலேயே அந்தக் கோடரிக்குப் பிடி மாட்டி, விறகு வெட்டி விற்று வர அனுப்பினார்கள். பதினைந்து நாள் கழித்துப் பத்து திர்ஹத்தோடு அவர் வந்தார். யாசகம் கூடாது என்ற உபதேசம் பிறகுதான் வந்தது. கோடரி முதலில் வந்தது!

ஆலிம்களே, நாம் என்ன செய்கிறோம்? உபதேசத்தை மிம்பரில் வைத்துக் கொண்டோம். கோடரியை மறந்து விட்டோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

கடத்தல்காரன் முன்பணம் கொடுத்து விவசாயியைக் கட்டுகிறான். நம்மில் சில கமிஷன் கடைக்காரர்களும் முன்பணம் கொடுக்கிறார்கள். பிறகு எடைக் கழிவு, விலைக் கழிவு என்று கையில் பாதியைத்தான் வைக்கிறார்கள். பெயர் வட்டி இல்லை, வேலை வட்டியின் வேலை. இதற்கு மாற்று நமது ஃபிக்ஹில் ஆயிரத்து நானூறு ஆண்டாக இருக்கிறது. அதன் பெயர் ஸலம். மதீனாவாசிகள் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே விலை கொடுத்து வந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதை அனுமதித்தார்கள்.

புரட்டாசியில் விதைப்புக்கு முன் முழு விலையையும் கொடுங்கள். தையில் இத்தனை மூட்டை, இன்ன தரம், இன்ன இடத்தில் ஒப்படைப்பு என்று எழுதுங்கள். மழை பொய்த்து விளையாவிட்டால் அவகாசம் கொடுங்கள், அல்லது கொடுத்த பணத்தை மட்டும் திரும்ப வாங்குங்கள். ஒரு பைசா கூடுதலாக வாங்காதீர்கள். விவசாயி எந்த மதத்தைச் சேர்ந்தவன் என்று பார்க்காதீர்கள். ஒரு மஹல்லாவுக்குப் பத்து விவசாயி போதும். இளைஞர்கள் சேர்ந்து உமி நீக்கும் இயந்திரம் ஒன்று போடட்டும். ஒரு நடை பொட்டலம் சுமந்தால் ஆயிரக்கணக்கில் தருகிறேன் என்பவன் நம் பிள்ளையின் பத்தாண்டு வாழ்வை விலை பேசுகிறான். அவன் முன்னால் ஹலாலான ஒரு வேலையை நாம் நிறுத்தியிருக்கிறோமா?

அரசிடம் நமது கோரிக்கைகள் மூன்று: குதிரைவாலி உள்ளிட்ட எல்லாச் சிறுதானியங்களுக்கும் ஆதரவு விலை, ஒன்றியத்துக்கு ஒரு கொள்முதல் நிலையமும் உமி நீக்கும் ஆலையும், போதைப் பயிரை அழிக்கும் மலைகளில் மாற்றுப் பயிர் காய்க்கும் வரை குடும்பத்துக்கு உதவித் தொகை. எரித்த ஏக்கர் கணக்கை அறிவிக்கும் அரசுகள், எத்தனை குடும்பம் மாற்றுப் பயிரில் நிலைத்தது என்ற கணக்கையும் அறிவிக்கட்டும்!

அந்தப் பெரியவரிடம் வரும் புரட்டாசியில் திரும்பப் போக வேண்டும். வெறும் பயானோடு போகப் போகிறோமா, ஸலம் ஒப்பந்தத்தோடு போகப் போகிறோமா? முடிவு உங்கள் கல்லாப் பெட்டியில் இருக்கிறது. நாளை மறுமையில் கேள்வியும் அங்கேதான் இருக்கும்.