கடன் வாங்கிய சுவர்கள்

கொழும்பு காலி வீதியில் கிரெஸ்கட் என்றொரு அங்காடி வளாகம். கடைகளுக்கு நடுவே, பை நிறையச் சாமான் வாங்கியவர்களும் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகக்கூடிய இடத்தில் இருக்கிறது இலங்கையின் நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் இல்லை. விளக்கப் பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும். 2019 டிசம்பரில் வேறொரு கட்டடத்தில் தொடங்கி, சில மாதங்களிலேயே கொரோனாவால் கதவடைத்து, நாடே பெட்ரோல் வரிசையில் நின்ற 2022இல் இங்கே குடிவந்தது.

தொடங்கியபோது அதனிடம் சொந்தக் கட்டடமும் இல்லை, சொந்தச் சேகரிப்பும் இல்லை. சுவரில் மாட்டுவதையெல்லாம் யாரிடமாவது இரவல் கேட்டுத்தான் மாட்ட வேண்டும். அருங்காட்சியகம் என்றால் பழைய சாமான்களின் கிடங்கு என்று நினைப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கிடங்கு இல்லாததில் ஒரு வசதி உண்டு. ஏற்கெனவே வாங்கிக் குவித்ததை வைத்தே வரலாறு சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இலங்கை நவீன ஓவியத்தின் கதை வழக்கமாக ஒரே இடத்தில்தான் தொடங்கும்: 1943, கொழும்பு, புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் வீடு. ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், மஞ்சுசிறி என நீளும் '43 குழு'. அவர்களின் மேதைமையில் சந்தேகமில்லை. ஆனால் நிறுவன உறுப்பினர்களில் ஒரு பெண்கூட இல்லை. பென்தோட்டை கடற்கரை ஹோட்டலின் கூரையைப் பெண் கலைஞர் எனா டி சில்வாவின் பத்திக் துணிகள் அலங்கரித்தன. அது இந்த வரலாற்றில் எந்த அத்தியாயத்தில் வரும்? கைவினை என்று ஒதுக்கினால் வேலை சுலபம். அப்படித்தான் நெடுங்காலம் ஒதுக்கினார்கள்.

அருங்காட்சியகத்தின் தலைமைக் கியூரேட்டர் ஷர்மினி பெரேரா தொடக்கக் காட்சியில் இந்த ஒற்றைக் கதையைக் கலைத்தார். 1948 சுதந்திரத்திலிருந்து இன்றுவரையான கலையைத் தொட்ட அந்தக் காட்சிக்குக் கவிஞர் சேரனின் கவிதையிலிருந்து தலைப்பு எடுத்தார். நூறாயிரம் சிறு கதைகள் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. அதன் முதல் வடிவம் 2018இல் டாக்கா கலை மாநாட்டில் வைக்கப்பட்டது. இலங்கைக் கலையின் இவ்வளவு விரிந்த காட்சி கொழும்புக்கு வருமுன் வங்கதேசத்தில் அரங்கேறியது என்பதை இலங்கையர் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

பெரேரா அதற்கு முன் பதிப்பாளர். அவர் நிறுவிய ரேக்கிங் லீவ்ஸ் 2011இல் வெளியிட்ட, ஓவியர் தா. சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' புத்தகத்தைப் புரட்டினால் அவருடைய கியூரேட்டர் மனம் புரியும். தோம்பு, ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. போரில் வீட்டை விட்டு ஓடியவர்களிடம், அந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரக் கேட்டார் சனாதனன். வந்தவை நடுங்கும் கோடுகள்: விறாந்தை, குசினி, கிணறு, அளவு தப்பிய அறைகள். அவற்றையே கட்டடக் கலைஞர் திருத்தமான வரைபடமாக்கினார். மூன்றாவதாகச் சனாதனனின் சொந்தச் சித்திரம். ஒரே வீடு மூன்று தரம் வருகிறது. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. எது சரியான வீடு என்று புத்தகம் சொல்வதும் இல்லை.

இலங்கை நவீன ஓவிய வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்கென்று தனிக் கதை ஒன்றும் உண்டு. 1920களில் இலங்கையின் சித்திரக் கல்விப் பரிசோதகராக இருந்தவர் சி. எஃப். வின்ஸர் என்ற ஆங்கிலேயர். கொழும்பில் கீற் போன்ற இளைஞர்களைத் தட்டிக்கொடுத்தவர் அவர். அவர் பெயரிலேயே 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்ஸர் கலைக்கழகத்தைச் சித்திர ஆசிரியர் எஸ். ஆர். கனகசபை தொடங்கினார். அதாவது 43 குழுவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பு. இரண்டு நகரத்துக்கும் ஒரே ஆள் வழியாக உறவு இருந்தும், ஒன்று நாட்டின் கலை வரலாறானது, மற்றது பள்ளிக்கூட ஆசிரியர்களின் பொழுதுபோக்காகச் சுருங்கியது. 'பிராந்தியம்' என்று முத்திரை குத்துவதைவிட இந்த இரண்டையும் ஒரே சுவரில் மாட்டிப் பார்ப்பது நியாயம்.

மாட்டுவதற்குப் படம் வேண்டுமே. ஹரி பீரிஸின் பார்ன்ஸ் பிளேஸ் வீடு இன்று சபுமல் அறக்கட்டளை. 43 குழுவின் படங்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாக மாணவர்களை உருவாக்கிய ஓவியர் அ. மாற்குவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போர்க்கால இடப்பெயர்வுகளில் அவர் வரைந்தவற்றில் பல தொலைந்துபோயின. அவரைக் கௌரவித்து 1987இல் வந்த 'தேடலும் படைப்புலகமும்' தொகுப்பு அதனாலேயே வெறும் மலராக இல்லாமல் ஆவணமாகிவிட்டது.

இரவல் வாங்கி வரலாறு எழுதுவதன் சிக்கல் இதுதான்: காப்பாற்றி வைத்திருப்பவர்தான் கொடுக்க முடியும், காப்பாற்ற வீடும் அமைதியும் இருந்தவர்களிடமே படங்கள் மிஞ்சியிருக்கின்றன. வசதி படைத்தவர்கள் வாழும் கொழும்பு ஏழின் வரவேற்பறைகளை மட்டும் நம்பினால் சுவர் நிறையும், பழைய கதையே திரும்பி வரும். யாழ்ப்பாணத்துக் குருநகரில் மாற்குவின் யாரோ ஒரு பழைய மாணவர் அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கக்கூடிய தாளையும், படம் தொலைந்த இடத்தில் அதன் மங்கிய அச்சுப் பிரதியையும், கீற்றின் கித்தானுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில், அதே வெளிச்சத்தில் வைக்க வேண்டியிருக்கும்.