நிறம் போனால் மட்டும் போதாது

குரங்கணி மலையிலிருந்து இறங்கும் கொட்டக்குடி ஆறு போடியைத் தொட்டு வைகையில் சேர்கிறது. ஏலத் தோட்டங்களில் வேலை குறையும்போது இந்தச் சரிவுகளின் இளைஞர்கள் பிழைப்புத் தேடிப் போகும் ஊர்களில் திருப்பூரும் ஒன்று. அங்கே சாயக்கழிவுக்கு என்ன வழி என்பது நமக்கும் உரிய கேள்வி.

சாயக்கழிவு செய்த கேட்டுக்கு ஒரத்துப்பாளையம் அணையே சாட்சி. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அணை, கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது என்று விவசாயிகளே போராட வேண்டியிருந்தது. கழிவு ஒரு சொட்டும் வெளியேறாத ஏற்பாட்டைச் செய்யாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இப்போது ஆய்வுக்கூடங்களில் ஒரு புதிய வழி பேசப்படுகிறது. ஒளி பட்டால் வேலை செய்யும் கரிமப் பொருள்களைக் கொண்டு சாயத்தை உடைப்பது. இவற்றில் முக்கியமானது கார்பன் நைட்ரைடு. வயலுக்குப் போடும் யூரியாவைச் சூடாக்கியே இதைத் தயாரிக்கலாம். வெளிச்சம் பட்டதும் இதிலுள்ள எலக்ட்ரான்கள் கிளர்ந்து, தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனோடு வினைபுரிகின்றன. அதில் பிறக்கும் வீரியமிக்க துணுக்குகள் சாய மூலக்கூறைத் துண்டாக்குகின்றன. பழைய டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் புற ஊதாக் கதிர் தேவை. இதற்குச் சாதாரண வெயிலே போதும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டுக்கு இது நல்ல செய்திதான்.

ஆனால் இந்த முறை உப்பை நீக்காது. துணியில் சாயம் ஏற உப்பைக் கொட்டுகிறார்கள். நிலத்தையும் கிணற்றையும் கெடுப்பதில் அந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. சாயம் பாதி உடைந்து நின்றால், சில வகைச் சாயங்களிலிருந்து புற்றுநோய் உண்டாக்கும் அமீன்கள் மிஞ்சவும் கூடும். கலங்கிய நீரைக் கண்டால் மக்கள் கேள்வி கேட்பார்கள். தெளிந்த நீரைக் கண்டால் கேட்க மாட்டார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அந்த ஆபத்து எல்லோருக்கும் சமமாக வருவதில்லை. காசுள்ளவர் கேன் தண்ணீர் வாங்குவார். ஊருக்குக் கடைசியில், பள்ளத்தில் இருக்கும் காலனிக்கு ஆழ்துளைக் கிணறுதான் கதி. கழிவுத் தொட்டிக்குள் இறக்கப்படுபவர்களும் அந்தக் காலனிக்காரர்கள்தான். 2025 மே மாதம் திருப்பூர் மாவட்டம் கரைப்புதூரில், சாயப்பட்டறை ஒன்றின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன தலித் தொழிலாளர் மூவர் உயிரிழந்தனர். மனிதக் கழிவை மனிதர் அகற்றத் தடை விதிக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. எந்தப் புதிய தொழில்நுட்பமும் இந்தச் சாவுகளைத் தானாக நிறுத்திவிடாது.

1927-இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தது பொதுநீரில் நமக்குள்ள உரிமையை நிலைநாட்ட. அந்த நீர் குடிக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்பதும் அதே உரிமையின் பகுதி.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒளிமுறைச் சுத்திகரிப்பு எங்கே வந்தாலும் நிறத்தோடு உப்பையும் நச்சு மிச்சத்தையும் அளந்து, முடிவை ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். மாதிரி எடுக்கும்போது காலனிக் கிணற்றை விட்டுவிடக் கூடாது. தொட்டியைச் சுத்தம் செய்ய இயந்திரம் மட்டுமே இறங்க வேண்டும்.

நம் கையிலும் வேலை இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தின் களப் பரிசோதனைப் பெட்டியால் குளோரைடு அளவைப் பார்க்க முடியும். மார்ச் 22 தண்ணீர் தின கிராம சபையில் அந்தக் கணக்கைக் கேளுங்கள். வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த ஆய்வுக்குள் போக வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை ஊக்கத்தொகை தருகிறது. எதை அளப்பது, யார் வீட்டுத் தண்ணீரை அளப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் காலனியிலிருந்தும் ஒருவர் இருக்க வேண்டும்.