அக்கா தங்கை வீட்டுச் சங்கீதம்



‘தனம்மாள் பாணி’ என்றதும் வீணை தனம்மாளை நினைத்துக்கொள்கிறோம். சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிக்க, பெரிய வித்வான்களே வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்டார்கள். 1938-இல் அவர் மறைந்தார். பாணி மறையவில்லை. அதற்குக் காரணமானவர்களைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச ஆசை.

தனம்மாளுக்கு நான்கு பெண்கள்: ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜயம்மாள், காமாட்சி. முதல் இருவரும் ஜோடியாகக் கச்சேரி பாடியவர்கள். ஜயம்மாளின் மகள்தான் நாட்டியத்தில் நாம் கொண்டாடும் பாலசரஸ்வதி. மகள் ஆட, தாயே உட்கார்ந்து பாடினார். காமாட்சியின் பெண்கள் பிருந்தாவும் முக்தாவும். இவ்விருவரின் தங்கை அபிராமசுந்தரி வயலின் வாசித்தார்.

இவர்களுடையதைப் போலத் தேவதாசி மரபில் வந்த குடும்பங்களில் வீடு பெண்களுடையதாக இருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பும் வழக்கம் இருக்கவில்லை. மற்ற வீடுகளில் அக்காவும் தங்கையும் வளைகாப்புக்கும் தீபாவளிக்கும் பார்த்துக்கொள்பவர்களாக ஆகிவிட, இங்கே ஒரே கூடத்தில் சேர்ந்தே வயதானார்கள். பாட்டி, அம்மா, பெரியம்மா, சித்தி என்று ஒரு குழந்தைக்கு எத்தனை குரு!

இந்த வீட்டார் பதம் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை புரியும். க்ஷேத்ரய்யரின் பதம் மிக நிதானமாக நகரும். ஒரு சொல்லுக்குள் எத்தனையோ வளைவுகள். ஏட்டில் ஸ்வரம் எழுதி வைத்தாலும் அந்த வளைவு ஏட்டில் வராது. காதில் கேட்டு, பாடி, மறுபடி கேட்டுத்தான் வர வேண்டும். ஒருத்திக்கு மறந்தது இன்னொருத்திக்கு ஞாபகமிருக்கும். அக்கா கொஞ்சம் மாற்றிப் பாடினால் அடுப்படியிலிருந்து தங்கை திருத்தலாம். பிருந்தா – முக்தா பதிவுகளைக் கேளுங்கள். எங்கே அக்கா விட்டார், எங்கே தங்கை எடுத்தார் என்று பிரித்துச் சொல்வது எனக்கு இன்றும் கடினம்.

இவர்கள் இருவரும் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையிடமும் கற்றார்கள். அவரும் அக்கா தங்கை வீட்டுப் பிள்ளைதான். காஞ்சிபுரம் தனகோடி அம்மாளும் காமாட்சி அம்மாளும் சேர்ந்து பாடிப் புகழ் பெற்ற சகோதரிகள். காமாட்சி அம்மாளின் மகன் அவர். இப்படி நம் சங்கீத வரலாற்றில் எந்தக் கிளையைப் பிடித்தாலும் பாடும் சகோதரிகள் இருவர் வந்து நிற்கிறார்கள். நாம்தான் ஒரு பெயரை மட்டும் எழுதிவைக்கிறோம். லட்சுமிரத்னத்தை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அது மனவருத்தம்.

1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்காகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரும் இதே மரபில் பிறந்தவர். சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமை ஒழிய அந்தச் சட்டம் தேவைப்பட்டது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கொடுமையோடு சேர்த்து அந்தப் பெண்களின் வித்தையையும் வெட்கப்பட வேண்டிய ஒன்றாக ஊர் பார்த்தது பெரும் அநியாயம். அந்தப் பார்வைக்கு நடுவில்தான் இவர்கள் தங்கள் பாட்டைக் காப்பாற்றினார்கள். 1973-இல் பாலசரஸ்வதிக்கு சங்கீத கலாநிதி பட்டம், 1976-இல் பிருந்தாவுக்கு. ஜயம்மாளின் பெண்ணுக்கும் காமாட்சியின் பெண்ணுக்கும் மூன்றே ஆண்டு இடைவெளியில்! வாஷிங்டன் பல்கலைக்கழகம் வரை போய்ச் சொல்லிக்கொடுத்தவர் பிருந்தா. 1996-இல் அவர் மறைந்த பிறகு, முக்தா பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ சேர்ந்து பாடிய, சேர்ந்து நெய்த, சேர்ந்து பள்ளிக்கூடம் நடத்திய அக்கா தங்கைகள் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் இடம் ஒதுக்குகிறோம். ஒருவர் பெயர் மட்டும் தெரிந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் மற்றவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்